நந்தினி நிஜமா, கற்பனையா? வரலாற்று நாவலையும் வரலாற்று நூலையும் பிரித்தறிவது எப்படி?

'பொன்னியின் செல்வன்' படம் 2022-ல் வெளியானதில் இருந்தே பலரும் கேட்கும் கேள்வி: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யாரு? "நந்தினிதான்" என்று பதில் சொல்பவர்களும் உண்டு. ஆனால் நந்தினி, கல்கி 1950-களில் எழுதிய தொடர்கதையில் படைத்த பாத்திரம். அந்தப் பெயரில் ஒருவர் வாழ்ந்ததற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை.

அப்போ எல்லாமே கற்பனையா?

இல்லை. குந்தவை, ராஜராஜன், உத்தம சோழன் எல்லோரும் வாழ்ந்தவர்கள். குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவன் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் அவரது குதிரைப் பயணமும் சாகசங்களும் கல்கியின் கைவண்ணம். பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கற்பனையே.

கொலை பற்றிய சான்று என்ன?

காட்டுமன்னார்கோயில் அருகே உள்ள உடையார்குடி கல்வெட்டு. ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இது, கொலைத் துரோகிகளாக சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்கள் தரப்பு நிலங்கள் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. நாவலில் ரவிதாசன் ஒரு மந்திரவாதி. கல்வெட்டிலோ 'பிரம்மாதிராஜன்' என்ற பட்டம் பெற்றவர். கொலைக்கான காரணம் அதில் இல்லை.

வரலாற்று நூல் எங்கே வேறுபடுகிறது?

'சோழர்கள்' நூலில் நீலகண்ட சாஸ்திரி, உத்தம சோழன் மீது சந்தேகம் தெரிவித்தார். 'பிற்காலச் சோழர் சரித்திரம்' எழுதிய சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார. இருவரும் சான்றைக் காட்டியே வாதாடுகிறார்கள். அதனால் வாசகரே அந்தக் கல்வெட்டைத் தேடிப் படித்துச் சரிபார்க்கலாம். நாவலாசிரியருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

கையில் இருப்பது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

* அடிக்குறிப்பு, கல்வெட்டு எண், செப்பேட்டுப் பெயர் இருக்கிறதா?
* தனியறையில் நடந்த உரையாடல், மனதில் ஓடிய எண்ணம் அப்படியே வருகிறதா? அப்படின்னா அது கதை.
* "இருக்கலாம்", "சான்று போதாது" என்று ஆசிரியர் எங்காவது தயங்குகிறாரா? தயக்கம் ஆய்வின் அடையாளம்.
* மாற்றுக் கருத்துக்குப் பதில் இருக்கிறதா?

இது ஏன் முக்கியம்?

உத்தம சோழனோ, ரவிதாசனோ இன்று வந்து தன் தரப்பைச் சொல்ல முடியாது. நாவலை ரசிக்கலாம், தப்பே இல்லை. ஆனால் ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்லும் முன், அது கல்வெட்டில் இருக்கிறதா, கதையில் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.