ஓர் ஆள் = 0.44

கேட்பது இயல்பான காரியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'நல்ல' சத்தம் எது என்பதை யார், எதை வைத்து அளந்து நிறுவினார்கள் என்ற கேள்வி எழுவதேயில்லை. இந்த வரலாற்றின் முக்கியக் கண்ணி ஒன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1895இல் அங்கே திறக்கப்பட்ட ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில், பேசிய சொல் அடங்குவதற்குள் அடுத்தடுத்த சொற்கள் அதன்மேல் ஏறிவிடும். உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு எழவும் புரியாது. இதைச் சரிசெய்யும் வேலை இருபத்தேழு வயது இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனின் தலையில் விழுந்தது.

ஒலியைப் பற்றிய பெரிய கோட்பாடுகள் ஐரோப்பாவில் ஏற்கெனவே உண்டு. இந்தச் சுவர்களுக்குள் அவை உதவவில்லை. சபைனிடம் இருந்தவை ஓர் ஆர்கன் குழல், நேரம் குறிக்கும் கருவி, சொந்தக் காது, பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகள். நள்ளிரவுக்குமேல் தெருச் சத்தம் ஓய்ந்ததும் மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்ப வேண்டும். குழலை ஒலிக்கவிட்டு நிறுத்தி, முழக்கம் காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரம் குறிக்க வேண்டும். விடிவதற்குள் எல்லாம் திரும்பப் போய்ச் சேர வேண்டும். காலி அரங்கில் 5.62 வினாடி. கூரைவரை மெத்தை ஏற்றியபோது 1.14.

1898இல் சூத்திரம் பிடிபட்டது. அறையின் கனஅளவு கூடினால் எதிர்முழக்க நேரம் கூடும். சத்தத்தை உட்கவரும் பரப்பு கூடினால் குறையும். உட்கவர்தலுக்கு அலகு, ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல். சன்னல் வழியாகப் போன சத்தம் திரும்பி வராதில்லையா!

மனித உடல் உள்ளே நுழைவது இங்கேதான். தன் உடுப்பும் சத்தத்தை விழுங்குகிறது என்று தெரியவந்ததும், ஆயிரக்கணக்கான அளவீடுகளைச் சபைன் தூக்கிப்போட்டார். அதன்பிறகு சோதனைக்கு ஒரே உடுப்புதான். அளப்பவன் முதலில் தன் உடலையே மாறாத எண்ணாக்கிக்கொள்கிறான். அடுத்த முறை பார்வையாளருடையது. 1900இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் தனி ஆண் 0.48, தனிப் பெண் 0.54 (அந்தக் காலத்துப் பாவாடைகளின் மகிமையாக இருக்கும்), கூட்டத்தில் ஓர் ஆள் 0.44. மரம், கண்ணாடி, சாந்து, கம்பளம் என்ற வரிசையில் மனுஷனும். இசை கேட்க வந்தவர் அரைச் சன்னலுக்கும் குறைவு.

சரி, எவ்வளவு முழக்கம் 'நல்லது'? சூத்திரம் அதைச் சொல்லாது. பாஸ்டன் சிம்பனி ஹாலைத் திட்டமிட்டபோது லைப்சிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கை முன்மாதிரியாக வைத்தார்கள். அதற்குக் கணக்கில் வந்தது 2.30 வினாடி; பாஸ்டனுக்கு 2.31. பின்னர் பாஸ்டன் இசைக் கல்லூரியொன்றின் பியானோ அறைகளில் இசைவாணர் சிலரை உட்காரவைத்து, மெத்தைகளைக் கூட்டிக் குறைத்து, 'இப்போது நன்றாயிருக்கிறது' என்று அவர்கள் சொன்ன புள்ளிகளைக் குறித்தார். சராசரி 1.08. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் ரசனை தசம எண்ணாகி அறிவியல் அந்தஸ்து பெறுவது இப்படித்தான். தெருவோரப் பாடகரையோ தொழிற்சாலைக் கூலியையோ எவன் கேட்டான்? 1900 அக்டோபரில் திறந்த அந்த ஹாலின் மேடைக்கு மேலே பெயர் பொறிக்க எத்தனையோ பலகைகள். பொறித்த பெயர் ஒன்றே ஒன்று, பீத்தோவன்.

ஹால் உலகப் புகழ் பெற்றது. கணக்குதான் தப்பு. ஆட்கள் நிறைந்திருக்கும்போது அங்கே எதிர்முழக்கம் இரண்டு வினாடிக்கும் குறைவு. காரணத்தை 1960இல் லியோ பெரானெக் காட்டினார். சபைன் தலைகளை எண்ணி 0.44ஆல் பெருக்கியிருந்தார். கூட்டமோ தலைக்கணக்கில் சத்தத்தை விழுங்குவதில்லை. தரையில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து விழுங்குகிறது.