பி.எட். சேர போறீங்களா? அங்கீகார ஆர்டரை முதலில் கேளுங்க!

தர்மபுரி:
அரூர், பென்னாகரம் பக்கம் கூலி வேலைக்கு போய் பிள்ளைகளை பி.எட். படிக்க வைக்கும் பெற்றோர் நிறைய பேர். பணம் கட்டும் முன் ஒன்றை கவனிக்க வேண்டும். தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் வாங்கிய பட்டம், அரசு பள்ளி வேலைக்கும், அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கும் செல்லாது. 1993-ம் ஆண்டு சட்டம் அப்படி. ரெண்டு வருஷ படிப்பும், கட்டிய பணமும் போச்சு.

கட்டிடத்தை பார்த்து மயங்க வேண்டாம். 2014-ம் ஆண்டு விதிப்படி, வருஷத்துக்கு 100 பேரை சேர்க்கும் பி.எட். கல்லூரியில் முதல்வரோடு சேர்த்து 16 முழுநேர ஆசிரியர்கள் இருக்கணும். அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. ஆசிரியர் பட்டய படிப்புக்கு வாங்கிய ஆர்டரை வைத்து பி.எட். நடத்த முடியாது. எந்த படிப்பு, எத்தனை சீட் என்று ஆர்டரிலேயே இருக்கும். கூடவே தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பாருங்க. "அப்ளிகேஷன் போட்டாச்சு, ஆர்டர் வந்துடும்" என்பது அங்கீகாரம் ஆகாது.