பாடசாலை மாணவரும் படைச்சேர்க்கையும்

நாட்டைக் காத்தல் குடிமக்கள் யாவர்க்கும் உரிய கடமை என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், அக்கடமையை ஒருவன் எவ்வயதில் ஏற்றல் வேண்டும், அவனை அழைப்பவர் எவ்விடத்தில் நின்று அழைத்தல் வேண்டும் என்னும் வினாக்கள் எழும்போது கருத்து வேறுபாடு தோன்றுகின்றது. உயர்தரப் பாடசாலைகளிற் பயிலும் மாணவரைப் படைக்குச் சேர்க்கலாமா என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள். படைப்பயிற்சி வேறு, படைச்சேர்க்கை வேறு என்பதை நாம் முதற்கண் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

தமிழர் இவ்வினாவை எதிர்நோக்கும்போது புறநானூற்றின் 279ஆம் பாட்டு நினைவுக்கு வருதல் இயல்பே. நெருங்கிய உறவினனையும் கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்த பெண்ணொருத்தி, தன் ஒரே மகனையும் தலைவாரி வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புவதை ஒக்கூர் மாசாத்தியார் அதிற் பாடினார். மேடைதோறும் வீரத்துக்கு எடுத்துக்காட்டாக ஓதப்படும் பாட்டு அது. ஆயினும் அம்முடிவை எடுத்தவள் ஈன்ற தாய். கற்பிக்கும் ஆசான் அல்லன். பிள்ளையைத் தாய் பாடசாலைக்கு அனுப்புவது கல்வியின் பொருட்டேயாதலின், அவள் தராத உரிமையை ஆசான் பிறருக்கு வழங்குதல் முறையாகாது.

வரலாற்றை நோக்குவாம். 1848ஆம் ஆண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு ஏதுவானவற்றுள் வீதிச் சட்டமும் ஒன்று. டொறிங்டன் பிரபுவின் ஆட்சியில் எழுந்த அச்சட்டம், ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் 3 சிலிங் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் தலைமை தாங்கிய அக்கிளர்ச்சி கடுமையாக அடக்கப்பட்டது. புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆயினும் ஒன்று கருதத்தக்கது: மக்கள் வெறுத்த அச்சட்டமுங்கூட 18 முதல் 55 வயது வரையினரையே பணிக்கு அழைத்தது. மண்வெட்டி ஏந்தவே 18 வயது நிரம்பவேண்டுமெனின், துப்பாக்கி ஏந்துதற்கு அதனிற் குறைந்த வயது பொருந்துமோ?

இலங்கையில் மாணவர் படை 1881ஆம் ஆண்டு கொழும்பு றோயல் கல்லூரியில் தோன்றியது. அதிபர் ஜோன் கல் முயன்று அமைத்த அவ்வணி தொண்டர் படையைச் சார்ந்து வளர்ந்தது. பின்னர்ப் பல கல்லூரிகளும் அதிற் பங்குகொண்டன. தியத்தலாவையில் நிகழ்ந்த வருடாந்தப் பாசறைகள் பல தலைமுறை மாணவரின் நினைவில் நிலைத்தவை. காலந்தவறாமை, கூட்டுழைப்பு, உடலுறுதி ஆகிய நற்பண்புகளை அப்பயிற்சி வளர்த்தது என்பதில் ஐயமில்லை. பயிற்சி முடிந்ததும் மாணவன் வகுப்பறைக்கே மீண்டான் என்பது அதன் உயிர்நாடி.

முதல் உலகப் போர் மூண்டபோது கல்லூரி இளைஞர் சிலர் உண்மைப் போருக்கே சென்றனர். மாத்தளை அலுவிகாரையிற் பிறந்து கண்டி திரித்துவக் கல்லூரியிற் கற்ற றிச்சாட் அலுவிகாரை, பிரித்தானியப் படையிற் சேர்ந்து சொம் போர்க்களத்திற் பொருது காயமுற்றார். பின்னர் 1947இல் இலங்கையரான முதலாவது பொலிஸ் மாஅதிபராக உயர்ந்தவரும் அவரே. 1895இற் பிறந்த அவருக்கு 1916இல் நிகழ்ந்த சொம் போரின்போது வயது 21. அவர் தம் அறிவாற் சிந்தித்துத் துணிந்த இளைஞர். அவர் வரலாற்றைக் காட்டிப் பதினைந்து வயதுச் சிறுவனை அழைத்தல் பொருந்தாது.

அவ்வெல்லை மீறப்பட்டால் விளைவது யாது என்பதற்கு அயல்நாட்டுச் சான்று வேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் 2009 வரை நிகழ்ந்த போரில், புத்தகம் ஏந்தவேண்டிய தமிழ்ச் சிறார் ஆயிரக்கணக்கில் ஆயுதம் ஏந்தினர். பதினேழு வயதுக்குட்பட்டோரைச் சேர்ப்பதில்லை என விடுதலைப் புலிகள் 1998இல் ஐக்கிய நாடுகள் சபையின் பிரதிநிதியிடம் உறுதி கூறியும் அச்செயல் தொடர்ந்தது. கருணா அணியினரும் சிறாரைப் பிடித்துச் சென்றனர். அதற்கு அரச படையினர் சிலர் துணைபோயினர் என ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு ஆலோசகர் அலன் ரொக் 2006இற் கூறினார். கொள்கையிற் பகைத்தோர் சிறுவர் விடயத்தில் ஒரே தவற்றைப் புரிந்தனர்.

உலகும் இதனை உணர்ந்தே 2000ஆம் ஆண்டு சிறுவர் உரிமைச் சமவாயத்துக்கு ஒரு விருப்பநெறி வகுத்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் கட்டாயமாகச் சேர்த்தலை அது விலக்கியது. இலங்கை அதனை அவ்வாண்டிலேயே ஏற்றது. எனினும் எல்லா நாடுகளும் ஒரே வழியிற் செல்லவில்லை. பிரித்தானியா பெற்றோர் சம்மதத்துடன் 16 வயதினரையும் படையிற் சேர்க்கின்றது. அமெரிக்காவில் 2002இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டத்தின்படி, பெற்றோர் மறுத்தாலன்றி, உயர்தரப் பாடசாலைகள் மாணவரின் பெயர் முகவரிகளைப் படைக்கு ஆட்சேர்ப்போர்க்கு அளித்தல் வேண்டும். இந்தியா 1962ஆம் ஆண்டுப் போரின் பின் கல்லூரிகளில் மாணவர் படைப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 1968இல் அதனை மீண்டும் விருப்பத்துக்கே விட்டது. நம் நாட்டிலோ 2011இற் பல்கலைக்கழகம் புகும் மாணவர்க்கு இராணுவ முகாம்களிற் தலைமைத்துவப் பயிற்சி அளிக்கப்பட்டபோது கண்டனங்கள் எழுந்தன. பயிற்சியின் நன்மையும் அதனை அளிப்போரின் கருத்தும் வெவ்வேறாக நோக்கப்படுதல் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

இனி எதிர்வாதம் ஒன்றுண்டு. வறிய மாணவனுக்குப் படை சம்பளமும் உணவும் மதிப்பும் தருமே, அவ்வாயிலை ஏன் அடைத்தல் வேண்டும் என்பர். வாதம் வலியதே. ஆயினும் தோட்டத்து லயத்தில் வாழும் மாணவனும் நகரத்துச் செல்வன் மகனும் ஒரே விண்ணப்பத்தில் ஒப்பமிடினும், இருவர் சம்மதமும் ஒரே தன்மையதன்று. ஒருவனைத் தெரிவு உந்துகின்றது. மற்றவனைப் பசி தள்ளுகின்றது. பசியைத் தீர்த்தற்குரிய வழி கல்வியும் தொழிலுமாம். அவற்றை முடித்த பின் அவன் படைத்துறையைத் தானே விரும்பித் தேர்வானாயின், அத்துறைக்கும் அது பெருமையே.

ஆகவே, மாணவர் படையின் ஒழுங்கும் பயிற்சியும் பாடசாலையில் நிலைத்திருக்கலாம். அதுவும் விரும்பினோர்க்கு மட்டுமே ஆதல் வேண்டும். ஆட்சேர்ப்போரின் மேசையோ பாடசாலை வாயிலுக்கு வெளியே, பதினெட்டு வயது நிறைந்தோர்க்கெனவே இடப்படல் வேண்டும். மாணவர் பெயர்ப்பட்டியலைப் பாதுகாத்தல் அதிபரின் கடமையாம்.

வலகம்பா மன்னன் காலத்தில் நாடு போராலும் பஞ்சத்தாலும் நலிந்திருந்தபோது, வாய்மொழியாக வந்த திரிபிடகம் அழிந்துபடாதவாறு மாத்தளை அலுவிகாரைக் குகைகளில் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. போர்க்காலத்திற் காக்கப்பட வேண்டியவற்றுள் கல்வி முதன்மையானது என்பதை இம்மண்ணின் முன்னோர் அறிந்திருந்தனர். ஏடு காத்தார் போலவே ஏடு கற்போரைக் காத்தலும் அறமாம்.