கொல்லையில் நீச்சல் குளமா? மொகஞ்சதாரோவைக் கேளுங்கள்!

இளையரசனேந்தல் பக்கம் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது டைல்ஸ் நிறத்தை அல்ல, மண்ணை. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். கூடவே தொட்டிச் சுவரும் விரிசல் விடும்.

தண்ணீர் கசியுமே என்ற கவலை இன்று நேற்று வந்ததல்ல. சுமார் 4,500 ஆண்டுப் பழசு! மொகஞ்சதாரோவில் 1925-26இல் தோண்டியெடுத்த பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கற்களை நெருக்கி அடுக்கி, ஜிப்சம் சாந்தால் இணைத்து, சுவருக்குப் பின்னால் தார் போன்ற நிலக்கீலும் பூசியிருந்தார்கள். தண்ணீருக்குப் பக்கத்து அறையில் கிணறு, வெளியேற்ற மூலையில் வடிகால்.

ஆக, கேள்விகள் மூன்றுதான். தண்ணீர் எங்கிருந்து வரும்? கசியாமல் எப்படி நிற்கும்? எங்கே போகும்? முதல் கேள்விக்கே விழிக்க வேண்டியிருந்தால், அந்தக் காசில் கிணற்றைத் தூர்வாருவதே லாபம்!