செஞ்சிக் கோட்டை நெற்களஞ்சியம்



கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது கல்யாண மகால் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். களஞ்சியத்துக்குள் மட்டும் வௌவால் நாற்றம் என்று நுழையவே இல்லை!

1690 முதல் 1698 வரை மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம். முற்றுகை இடையிடையே தளர்ந்தது உண்மைதான். ஆனாலும் படைக்குச் சோறு வேண்டுமே.

தடித்த சுவர், வளைந்த கூரை. அதை ஏன் மலையடிவாரத்தில் கட்டினார்கள்? மாட்டுவண்டி அதுவரைதான் வரும். ராஜகிரி உச்சியிலும் கிருஷ்ணகிரியிலும் களஞ்சியங்கள் உண்டு. அங்கே படியேறித் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

இப்போது லாரி வாசலுக்கே வருகிறது, கூரைதான் இல்லை. போன மழையில் ஒரு கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைத்துக் கிடந்தது. மூட்டைக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை செஞ்சி வந்தால் களஞ்சியத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். நாற்றம் இருக்கும், பரவாயில்லை.