ஆவூர்: வானம் பார்த்த பூமியில் ஒரு கூடுமிடம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் நிலப்பரப்பு பெரும்பாலும் மழையை நம்பியே வாழ்ந்துவந்தது. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு அதற்கு வாய்க்கவில்லை என்பதால், மழைநீரைத் தேக்கும் ஏரிகளையும் கண்மாய்களையும் ஒட்டியே ஊர்கள் சிறிது சிறிதாகச் சிதறி அமைந்தன. காவிரிக் கரையைப் போல நெருங்கிய குடியிருப்புகள் இல்லாத இத்தகைய மண்ணில், ஒரே ஊரைச் சேராதவர்கள் வந்து கூடுவதற்கு இருந்த இடங்கள் சந்தையும் பெருங்கோயில்களின் திருவிழா வெளியும்தான். திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, விராலிமலை வட்டாரத்தில் உள்ள ஆவூர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய கூடுமிடங்களின் வரிசையில் புதிதாகச் சேர்ந்தது. அங்கே எழுந்த மாதா கோயிலின் வரலாற்றை மதம் பரவிய வரலாறாக மட்டும் படித்தால், அது ஒரு மக்கள் கூட்டத்தின் பொது இடமாக உருவான விதம் கண்ணில் படாமல் போய்விடும்.

ஆவூர்ப் பணித்தளம் மதுரை மிஷனைச் சேர்ந்தது. மதுரை மிஷன் என்பது இயேசு சபைத் துறவியர் கடற்கரைப் போர்த்துகீசியக் குடியேற்றங்களுக்கு வெளியே, நாயக்கர் ஆட்சிக்குட்பட்ட உள்நாட்டில் நடத்திய சமயப்பணியின் பெயர். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அதைத் தொடங்கிவைத்தார். ஐரோப்பிய உடையையும் உணவையும் விட்டு, காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழில் உரையாடுவது இப்பணியாளர்களின் ஒழுக்கமாயிற்று. மேல்சாதியினரிடையே மட்டும் பழகிய சன்னியாசிகள், எல்லாச் சாதியினரிடமும் செல்லக்கூடிய பண்டாரசுவாமிகள் என இரு வகைத் துறவியர் இருந்தனர். இரண்டாவது வகை 1640இல் தோன்றியது. மறவர் நாட்டில் பணியாற்றிய ஜான் தெ பிரிட்டோ 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்டது, அரசர்களின் தயவு எவ்வளவு நிலையற்றது என்பதை மிஷனுக்கு உணர்த்தியது. அந்த நிகழ்ச்சிக்குப் பின் சில ஆண்டுகளில் வளர்ந்த ஆவூர், அப்போது நாயக்கர் தலைநகராயிருந்த திருச்சிராப்பள்ளிக்கு எட்டும் தொலைவில், ஆனால் அதன் மதிலுக்கு வெளியே, பாளையக்காரர்களின் நிலத்தில் அமைந்திருந்தது கவனிக்கத்தக்கது.

இப்பணித்தளத்தை நிறுவியவர் பிரெஞ்சு நாட்டவரான ஜான் வெனான்சியஸ் புஷே (1655–1732). ஆவூரின் பழைய கோயில் 1547இல் கட்டப்பட்டது என்று சில குறிப்புகளில் காணப்படும் ஆண்டு பிழையானது; அதைக் கட்டியவராக அதே குறிப்புகள் சொல்லும் புஷே, அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்தே பிறந்தவர். அவர் முதலில் சயாம் நாட்டுக்குச் சென்று, 1688இல் அங்கு ஏற்பட்ட அரசியல் புரட்சியின் விளைவாக இந்தியாவுக்கு வந்து, பின்னரே மதுரை மிஷனில் சேர்ந்தார் என்பதால், கோயிலின் தொடக்கத்தை 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வைப்பதே பொருந்தும்.

கோயில் கட்டுவதைக் காட்டிலும், கட்டியதைக் காப்பது கடினமாக இருந்த காலம் அது. 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாளின் தளவாயை, அதாவது படைத்தலைமையையும் முதலமைச்சர் பொறுப்பையும் ஒருங்கே வகித்த அதிகாரியை, புஷே திருச்சிராப்பள்ளியில் நேரில் கண்டு பாதுகாப்புக் கோரினார். அவர் அன்பளிப்பாகக் கொண்டுசென்ற பொருள்களுள் ஏறத்தாழ இரண்டடி விட்டமுள்ள ஒரு பூகோள உருண்டை இருந்தது. நாடுகளின் பெயர்கள் அதில் தமிழில் எழுதப்பட்டிருந்தன. பூதக்கண்ணாடிகளும் சீனத்து அரும்பொருள்களும் அதனுடன் சேர்ந்திருந்தன. புஷேயைத் தளவாய் மரியாதையுடன் வரவேற்று, பல்லக்கில் ஏற்றி, மேளதாளத்துடன் நகரில் வலம்வரச் செய்தார். உலகத்தின் வரைபடத்தைத் தமிழில் எழுதி அரண்மனைக்குக் கொடுத்த அந்த உழைப்பின் பலனாகக் கிடைத்தது பொன்னோ நிலமோ அன்று. சிற்றூர்க் கிறித்தவர்களைத் துன்புறுத்துவோர் அஞ்சும்படியான ஒரு பொது மரியாதை.

அரண்மனை ஆதரவு வெளியிலிருந்து காத்தது என்றால், உள்ளிருந்து தாங்கியவர்கள் உபதேசியார்கள். உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாத இல்லறத்தார். குரு வராத நாட்களில் செபம் சொல்வதும், சிறுவர்களுக்கு மறைக்கல்வி புகட்டுவதும், நோயுற்றோரைப் பார்ப்பதும், சாகுந்தறுவாயில் இருப்போருக்குத் துணைநிற்பதும் அவருடைய கடமைகள். பல நாள் நடைத்தொலைவில் பரந்துகிடந்த ஊர்களுக்கு ஒரே குரு பொறுப்பேற்றிருந்த நிலையில், பெரும்பாலான மக்கள் ஆண்டில் சில நாட்களே அவரைக் கண்டனர். மற்ற நாட்களெல்லாம் உபதேசியாரின் நாட்களே. ஆகவே ஆவூர் போன்ற மையத்தின் முதன்மையான பயன், அங்கங்கே தனித்துப் பணிசெய்தவர்கள் வந்து கூடி, பயின்று, மீண்டும் தத்தம் ஊர்களுக்குத் திரும்பும் இடமாக இருந்ததே. வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் அறிந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கியும் ஆவூரில் பணியாற்றியவர்களுள் ஒருவர். அவர் 1727இல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூல், வேதியர் என்று அவர் அழைத்த இவ்வுபதேசியார்களுக்காகவே இயற்றப்பட்டது. தமிழ் உரைநடையின் வளர்ச்சியில் இடம்பெறும் அந்நூல், இத்தகைய எளிய ஊழியர்களின் தேவையிலிருந்து பிறந்தது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

புஷேயின் எழுத்துகள் இம்மக்களின் வாழ்க்கையை அவர் எவ்வளவு நெருங்கிக் கண்டார் என்பதையும் காட்டுகின்றன. 1714இல் அவர் பாரிசு நகர நீதிபதி ஒருவருக்கு எழுதிய நீண்ட மடலில், இந்நாட்டில் எழுதப்பட்ட சட்டத்தொகுப்பு இல்லாவிடினும் வழக்கமே சட்டமாக நிற்பதையும், ஊர்த்தலைவரே நீதிபதியாக அமர்வதையும், பழமொழிகள் தீர்ப்புக்கு ஆதாரமாவதையும் விளக்கி, மரியாதைராமன் கதையையும் எடுத்துச் சொல்கிறார். புளியமரத்தடியில் உட்கார்ந்து வழக்குகளைக் கேட்டுப் பழகியவருக்கே வாய்க்கும் அறிவு அது.

இன்றுள்ள பெரியநாயகி மாதா கோயில் 1747இல் கட்டப்பட்டது. வீரமாமுனிவர் மறைந்ததும் அதே ஆண்டுதான். அடுத்த சில ஆண்டுகளிலேயே திருச்சிராப்பள்ளிக் கோட்டையைச் சுற்றிக் கர்நாடகப் போர்கள் மூண்டு, சுற்றுவட்டார ஊர்கள் படைகளின் வழித்தடங்களாயின. 1773இல் திருத்தந்தை இயேசு சபையைக் கலைத்துவிட்டார். சபை மீண்டும் நிறுவப்பட்டு, அதன் துறவியர் 1830களின் இறுதியில் தமிழகம் திரும்பும்வரை, ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலம் குருக்கள் பற்றாக்குறை மிஷன் முழுவதையும் வாட்டியது. அவ்வளவு நீண்ட இடைவெளிக்குப் பின்னும் மக்கள் தங்கள் வழிபாட்டை மறக்காதிருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்த மையங்கள் குருவை மட்டும் நம்பி அமையாமல், உபதேசியார்களையும் ஊர்க்குடும்பங்களையும் திருவிழாவையும் நம்பி அமைந்ததே ஆகும்.

திருவிழா என்பது இங்கே தனிக் கவனத்துக்குரியது. ஆவூரில் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி நடைபெறும் பாஸ்கா விழா புகழ்பெற்றது. கிறிஸ்துவின் பாடுகளையும் உயிர்ப்பையும் மேடையில் நடித்துக் காட்டுவதைத் தமிழகக் கத்தோலிக்கர் பாஸ்கா அல்லது பாஸ்கு என்பர். எழுத்தறியாதோர் மிகுந்திருந்த காலத்தில் நாடகமே அவர்களுக்கு வேதநூலாகவும் விளங்கியது. மாதாவின் தேர் ஊரைச் சுற்றிவரும்போது, தேரிழுப்பதும் வாணவேடிக்கையும் கடைவீதியுமாக, வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களின் அமைப்பே அங்கும் நிலவுகிறது.

எனினும் இக்கூடுமிடம் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. துறவியரையே சாதிக்கேற்ப இருவகையாகப் பிரித்த மதுரை மிஷன், வழிபாட்டுக் கூடத்திலும் சாதிப் பிரிவினைக்கு இடங்கொடுத்தது. 1704இல் திருத்தந்தையின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை அப்பழக்கங்களுள் பலவற்றைக் கண்டித்தபோது, அவற்றைக் காத்துப் பேச உரோமைக்குச் சென்றவர்களுள் புஷேயும் ஒருவர். வெகுகாலம் கழித்து, கத்தோலிக்கத் திருச்சபையின் சீர்திருத்தப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், மறைமாவட்டங்கள்தோறும் எழுந்த பல்நோக்குச் சமூகப் பணி நிறுவனங்கள், தையற்பயிற்சிக்கும் மகளிர் குழுவுக்கும் மாலைப் பள்ளிக்கும் வறண்ட வட்டாரங்களில் கூடங்கள் கட்டத் தொடங்கியபோது, பழைய மிஷன் தீர்க்காமல் விட்ட இந்தச் சாதிக் கணக்கே அவற்றின் முன் நின்றது. கட்டடம் எழுப்பத் தேவையானதை ஆவூர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்திருந்தது: அதிகாரத்தின் பாதுகாப்பு, உள்ளூர் ஊழியர், ஆண்டுதோறும் மக்களை அழைக்கும் ஒரு விழா. அதன் வாசற்படியில் யாரும் தயங்கி நிற்க வேண்டாத நிலையை உண்டாக்குவது மட்டும் பின்வந்தோரின் கடனாக விடப்பட்டது.