176 மதிப்புள்ள ஒரு வாக்கு: கொங்கு மண்டலமும் குடியரசுத் தலைவர் தேர்தலும்

வெள்ளகோவிலின் விசைத்தறித் தொழிலாளி குடியரசுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் சார்பில் காங்கேயம் சட்டமன்ற உறுப்பினர் வாக்களிக்கிறார். (வெள்ளகோவில் என்ற தொகுதியே 2008ஆம் ஆண்டு மறுவரையறையில் மறைந்துபோனது.) அரசமைப்புச் சட்டத்தின் 55ஆம் உறுப்பின்படி அந்த வாக்கின் மதிப்பு 176. தமிழ்நாட்டின் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையான 4,11,99,168ஐ 234 உறுப்பினர்களால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்துப் பெற்ற எண் அது.

கொங்கு மண்டலம் அ.தி.மு.க.வின் கோட்டை என்பது பழகிப்போன செய்தி. 2021இல் மாநிலம் தி.மு.க. பக்கம் சாய்ந்தபோதும் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அ.தி.மு.க. கூட்டணிக்கே கிடைத்தன. 2016இல் திருப்பூர் மாவட்டத்தின் 8 தொகுதிகளில் 6 இரட்டை இலைக்குச் சென்றன. அவிநாசி தனித்தொகுதியும் அவற்றுள் ஒன்று.

2017 ஜூலை 17 அன்று நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் ராம்நாத் கோவிந்த், மீரா குமார் என முதன்மை வேட்பாளர் இருவருமே தலித்துகள். பிளவுபட்டுக் கிடந்த அ.தி.மு.க. அணிகள் கோவிந்தை ஆதரிப்பதில் மட்டும் ஒன்றுபட்டன. தமிழ்நாட்டு உறுப்பினர்களில் 134 பேர் கோவிந்துக்கும் 98 பேர் மீரா குமாருக்கும் வாக்களித்தனர். இத்தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது, வாக்கும் இரகசியமானது. இரட்டை இலையில் வென்ற தமிமுன் அன்சாரி, மீரா குமாரை ஆதரிப்பதாக வெளிப்படையாகவே அறிவித்தார். மற்றவர்களைக் கட்டிவைத்தது சட்டமன்று, கட்சித் தலைமையே.

தலித் ஒருவருக்கு விழுந்த இவ்வாக்குகளைக் கொண்டு இம்மண்டலத்தின் மனத்தை அளக்க இயலுமா? ஓராண்டு கழித்து, 2018 ஜூலையில், அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைப்பதை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர். அதிகாரிகள் அப்பெண்ணையே இடமாற்றம் செய்தனர். எதிர்ப்பு வலுத்த பின்னரே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. அப்போது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் கோவிந்த்.

தனித்தொகுதியில் வேட்பாளர்தான் தலித். வாக்காளர் தொகுப்பு பொதுவானது. 1932ஆம் ஆண்டு பூனா ஒப்பந்தம் இரட்டை வாக்குரிமையைக் கைவிடச் செய்ததன் தொடர்ச்சி இது. வெற்றிக்குக் கட்சியின் சின்னமும் ஆதிக்கச் சாதியின் இசைவும் தேவைப்படும் உறுப்பினர், சேரி வாக்காளரின் கருத்தைக் கேட்டு 176ஐ அளிப்பார் என்று நாம் எதிர்பார்ப்பதற்கில்லை.

திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. கொறடா கட்டுப்படுத்தாத அந்த வாக்கை யாருக்கு, எதன் பொருட்டு அளிக்கப்போகிறீர்கள் என்று நம் தொகுதி உறுப்பினரிடம் அதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்கலாம்.